தாத்தாவின் பேனா ஏன் கரகரக்கிறது?

விலை உயர்ந்த மைப்பேனா வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே பயம்தான், நிப்பில் கீறல் விழுந்துவிடக் கூடாது. புது காருக்குக் கீறல், புது செல்போனுக்குக் கீறல் என்று பயப்படுகிற மாதிரியே இதற்கும் பயப்படுகிறார்கள். ஆனால் பேனா விஷயத்தில் மூன்று வேறு வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிப்பின் மேல் கண்ணுக்குத் தெரிகிற கோடு ஒன்று. எழுதும்போது தாளைப் பிறாண்டுகிற கரகரப்பு இன்னொன்று. வருஷக் கணக்கில் எழுதி எழுதி முனை தேய்ந்து போவது மூன்றாவது.

முதலாவதால் ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டாவதைப் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். மூன்றாவதைச் சரி செய்யத்தான் வேண்டுமா என்பது பெரிய கேள்வி. இந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கடையநல்லூர்க்காரன். கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் தங்க நிப்புப் பேனா இரண்டு உண்டு. தங்க நிப்பு என்றதும் ஏதோ ஜமீன் பரம்பரை என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று தாத்தாவுக்கு அன்பளிப்பாக வந்தது. மற்றது துபாயில் வேலை பார்க்கும் மாமா தனக்குத் தானே வாங்கிக் கொண்டது.

தாத்தா, அதாவது அம்மாவைப் பெற்றவர், பத்திரம் எழுதுகிறவர். கிரயம், தானம், பாகப்பிரிவினை, ஒத்தி என்று ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகிற சகலமும் எழுதுவார். எங்கள் ஊர் தறிக்குப் பேர் போன ஊர். இங்கிருந்து நெசவாளிக் குடும்பங்கள் பல, முக்கியமாக முஸ்லிம் குடும்பங்கள், அந்தக் காலத்திலேயே சிங்கப்பூருக்குப் போய்க் குடியேறின. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு சங்கம் 1941-ல் அங்கே தொடங்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் போன ஒருவர் 1960-களின் கடைசியில் ஊரில் ஒரு வீடு வாங்க வந்தார். மூலப் பத்திரத்தில் நான்கெல்லை தப்பாக இருப்பதைத் தாத்தா கண்டுபிடித்து, பிழைதிருத்தல் பத்திரம் போட்ட பிறகுதான் கிரயம் எழுதுவேன் என்று பிடிவாதமாக நின்றாராம். பின்னால் வரவிருந்த ஒரு வழக்கு அதோடு போயிற்று. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது அந்த மனிதர் தாத்தா கையில் ஒரு பார்க்கர் 51 கொடுத்தார்.

பார்க்கர் 51 விற்பனைக்கு வந்ததும் அதே 1941-ல்தான். அமெரிக்காவில் அப்போதே பன்னிரண்டரை டாலர். நம்மில் பலர் ஹீரோ பேனாவில் எழுதியிருப்போம் அல்லவா, நிப்பு முழுசாகத் தெரியாமல் முக்காடு போட்டது போல நுனி மட்டும் எட்டிப் பார்க்குமே, அந்த ஜாடைக்கு மூலம் இதுதான். உள்ளே இருப்பது 14 கேரட் தங்க நிப்பு. தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே பேனாவில் எழுதினார். பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற காலம் வந்த பிறகும் வீட்டுக் கணக்கு அதில்தான். 2021-ல் தாத்தா காலமானார். பேனா ஆச்சியின் டிரங்குப் பெட்டிக்குப் போயிற்று. போன வருஷம், மைப்பேனாவில் எழுதுகிற ஒரே பேரன் என்பதால் என்னிடம் வந்தது.

மாமாவின் பேனா வேறு ஜாதி. ஐரோப்பியக் கம்பெனி, பெயர் வேண்டாம். நிப்பு 18 கேரட், பாதி மஞ்சள், பாதி வெள்ளை, நடுவில் பூவேலை, 750 என்று முத்திரை. ஊருக்கு வரும்போதெல்லாம் பீரோவிலிருந்து எடுத்து, பனியனில் துடைத்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். எழுதி நான் பார்த்ததில்லை.

கீறல்

இந்தத் தடவை மாமா ட்யூப்லைட்டில் பார்த்தபோது அவர் முகம் மாறிவிட்டது. நிப்பின் வழவழப்பில் மயிர் மயிராகக் கோடுகள். யாரோ எழுதிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பேனாவைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரே புலம்பல். கடைக்காரனுக்கு மெயில் அனுப்பப் போவதாகச் சொன்னார். "மெயில் அப்புறம் அனுப்பலாம் மாமா, முதல்ல லென்ஸ்ல பாப்போம்" என்று எங்கள் தெருமுனை ஆசாரி கடைக்குக் கூட்டிப் போனேன்.

ஆசாரி லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "இது துடைச்ச கோடு தம்பி. எழுதுன கோடு இல்ல" என்றார். மாமாவுக்குப் புரியவில்லை. ஆசாரி மேஜையிலிருந்த உரைகல்லைக் காட்டினார். "இதுல உரசித்தானே மாத்து பாக்கோம்? கல்லுல ஒட்டுறது தங்கம். அவ்வளவு மெதுவான சாமான் இது. நீங்க பனியன்ல துடைச்சா பனியன்ல இருக்க தூசி கோடு போடும்."

அவர் சொன்னது வேதியியல் புத்தகத்தில் உள்ளதுதான். சுத்தத் தங்கம் மிக மெதுவான உலோகம். 14 கேரட் என்றால் ஆயிரத்தில் 585 பங்கு தங்கம், 18 கேரட் என்றால் 750 பங்கு. மிச்சம் வெள்ளியும் செம்பும் மாதிரி மற்ற உலோகங்கள். அவை சேர்ந்ததால்தான் நிப்புக்கு விறைப்பும் துள்ளலும் வருகின்றன. ஜப்பானின் சைலர் கம்பெனி 21 கேரட் வரைக்கும் போகிறது. ஆனாலும் தெருத் தூசியில் இருக்கிற மணல் துகளுக்கு முன்னால் இவை எதுவும் நிற்காது. துணியில் ஒட்டிய ஒரு துகள் போதும், கோடு விழுந்துவிடும்.

அப்படியானால் எதற்குத் தங்கம்? மைக்காகத்தான். பழைய காலத்துப் புளூ-பிளாக் மைகள் பலவற்றில் மாசிக்காய்த் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்திருக்கும். தாளில் ஏறினால் அழியாது. ஆனால் அமிலத்தன்மை உள்ளது. சாதாரண இரும்பு நிப்பை அரித்துவிடும். தங்கத்தை அது ஒன்றும் செய்ய முடியாது. பிறகு துருப்பிடிக்காத ஸ்டீலும் அமிலம் குறைந்த மைகளும் வந்ததும் தங்கத்தின் அவசியம் குறைந்தது, அந்தஸ்து மட்டும் குறையவில்லை. சொல்லப்போனால் பெரும்பாலான தங்க நிப்புகளின் எடை ஒரு கிராமைக்கூட எட்டாது. நாம் கொடுக்கிற விலையில் தங்கத்தின் பங்கு கொஞ்சம்தான்.

மாமா அடுத்ததாகக் கேட்டார், "அப்ப பாலிஷ் போட்டுருவோமா?" வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளைப் பகுதி ரோடியம் முலாம், மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். பாலிஷ் போட்டால் கோடும் போகும், முலாமும் போகும். அந்தக் கோடுகளால் எழுத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஏனென்றால், நன்றாகக் கவனியுங்கள், எழுதும்போது தங்கம் தாளைத் தொடுவதே இல்லை.

தாளைத் தொடுவது எது?

நிப்பின் நுனியை உற்றுப் பார்த்தால் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு குமிழ் தெரியும். அது வேறு உலோகம். அதைத்தான் இரிடியம் என்பார்கள்.

இரிடியம் என்றதும் நமக்குக் கோயில் கலசம் ஞாபகம் வரும். கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றிக் கைதானவர்கள் செய்தி தமிழ்நாட்டுப் பேப்பர்களில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. உண்மையான இரிடியம் அரிசியை இழுக்காது. ஆனால் அதன் நிஜமான குணமே ஆச்சரியமானதுதான். 1803-ல் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் பிளாட்டினம் தாதுவைக் கரைத்த பிறகு அடியில் நின்ற கறுப்புக் கசடிலிருந்து இரிடியம், ஆஸ்மியம் என்ற இரண்டு உலோகங்களைப் பிரித்தார். இரண்டும் ஈயத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் உருக 2400 டிகிரிக்கு மேல் வேண்டும்.

அந்தக் காலத்தில் தங்க நிப்பு செய்தவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. தங்கம் அரிக்காது, ஆனால் சீக்கிரம் தேயும். நுனியில் வைரம், மாணிக்கம் என்று துண்டு துண்டாகப் பதித்துப் பார்த்தார்கள். 1834-ல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் இரிடியமும் ஆஸ்மியமும் கலந்து இயற்கையிலேயே கிடைக்கும் குருணையைத் தங்க நிப்பின் நுனியில் பொருத்தினார். தேய்மானப் பிரச்சினை அதோடு பெருமளவு தீர்ந்தது. இன்றைக்கும் தத்துவம் அதேதான், கலவைதான் மாறிவிட்டது. ருத்தேனியம், டங்ஸ்டன், ரீனியம் என்று பல சேர்மானங்கள். மலிவு நிப்புகளில் "இரிடியம் பாயின்ட் ஜெர்மனி" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றில் இரிடியமும் இருக்காது, ஜெர்மனியும் இருக்காது.

குமிழை நிப்பின் நுனியில் ஒட்டவைத்த பிறகு, மெல்லிய சக்கரத்தால் குமிழையும் நிப்பையும் சேர்த்து நடுவில் பிளப்பார்கள். தலைமுடி அளவு பிளவு. அதன் வழியாகத்தான் மை இறங்குகிறது. ஆக, எழுத்து நடப்பது முழுக்க அந்தக் குமிழிலும் அந்தப் பிளவிலும்தான். பூவேலையும் முத்திரையும் இருக்கும் இடத்தில் ஆயிரம் கோடு விழுந்தாலும் எழுத்துக்குத் தெரியாது. குமிழில் கண்ணுக்கே தெரியாத ஒரு விளிம்பு இருந்தால் போதும், தாள் கத்தும்.

கரகரப்பு

தாத்தாவின் பேனா என் கையில் அப்படித்தான் கத்தியது. இடமிருந்து வலம் போனால் ஒரு சத்தம், கீழே இழுத்தால் ஒரு சத்தம். 'ழ' எழுதினால் தாளில் நார் கிளம்பி நிப்பில் சிக்கியது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நாட்டு வைத்தியம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாதி பிளேடைப் பிளவில் விட்டு ஒரு இழு. அல்லது சிமெண்டுத் தரையில் எட்டு எட்டாக நாலு தேய்ப்பு. பத்து ரூபாய் ஸ்டீல் நிப்புக்கு இது சில சமயம் வேலை செய்யும். அந்த நிப்புகள் பலவற்றில் தனிக் குமிழே கிடையாது, ஸ்டீல் நுனியையே மடித்தோ அழுத்தியோ உருட்டியிருப்பார்கள். தேய்த்தால் தேய்ந்து கொடுக்கும். தங்க நிப்பில் இந்த வேலை கூடாது. பிளேடு பிளவின் விளிம்பைச் சீவிவிடும். சிமெண்டு குமிழில் தாறுமாறாகப் பட்டை போட்டுவிடும்.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் தேய்மானமே கிடையாது. முதல் காரணம், பிளவின் இரண்டு பக்கமும் உள்ள கால்கள் ஏறுமாறாக இருப்பது. ஒன்று மேலே, ஒன்று கீழே. பேனா ஒரு தடவை கீழே விழுந்தாலோ, பால்பாயிண்ட் பழக்கத்தில் யாராவது அழுத்தி எழுதினாலோ இப்படி ஆகும். ஒரு திசையில் மட்டும் கரகரத்தால் இதைச் சந்தேகிக்கலாம். லென்ஸில் நேராகப் பார்த்தால் தெரிந்துவிடும். நகத்தால் பொறுமையாக அழுத்தியே பல சமயம் சரி செய்துவிடலாம். இரண்டாவது, காய்ந்த மையும் தாள் நாரும் பிளவில் அடைத்துக்கொள்வது. சாதாரணத் தண்ணீரே மருந்து. மூன்றாவது தாள். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் குற்றாலச் சாரல் காற்று அடிக்கும்போது தாள் நமத்துப் போகும். நார் எழும்பி நிற்கும். நல்ல நிப்பும் அப்போது கொஞ்சம் முனகத்தான் செய்யும்.

நேர்மாறான நோயும் ஒன்று இருக்கிறது. வழவழப்பு வேண்டும் என்று குமிழை அளவுக்கு மேல் பாலிஷ் போட்டால் பிளவின் வாய் உள்பக்கமாக உருண்டுவிடும். பிறகு வெண்ணெய் மாதிரி வழுக்கும், ஆனால் மை தாளை எட்டாது. முதல் கோடு விழவே விழாது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாத்தா பேனாவைப் பிரிக்காமல் தண்ணீரில் நிறுத்தி மூன்று நாள் வைத்தேன். ஆசாரி லென்ஸில் கால்கள் இரண்டும் சமமாகவே இருந்தன. தாளையும் மாற்றிப் பார்த்தேன். கரகரப்பு போகவில்லை. மாமா ஆர்வமாகிவிட்டார். சென்னையில் ஒரு கடையில் போனில் விசாரித்தார். குமிழைத் தேய்த்துப் புது உருட்டு வைத்துத் தருகிறோம், முடியாவிட்டால் நிப்பையே மாற்றித் தருகிறோம் என்றார்களாம். "நான் கிளம்புறதுக்குள்ள குடுத்துருதேன்டா, என் செலவு" என்றார். அவர் கிளம்பப் பத்து நாள் இருந்தது.

சாத்தூர்

தேய்ப்பதற்கு முன்னால் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிவிடலாம் என்று தோன்றியது. தெரிந்தவர் என்றால் எங்கே போவது? அப்போதுதான் கூடப் படிக்கிற ஒருவன் சாத்தூர்க்காரன் என்பது ஞாபகம் வந்தது.

சாத்தூர் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் சேவுதான் நினைவு வரும். கொஞ்சம் வயசானவர்களைக் கேளுங்கள், சேவு, வெள்ளரிக்காய், பேனா நிப்பு என்று மூன்றாகச் சொல்வார்கள். வைப்பாற்றங்கரையில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு நிப்புப் பட்டறை. ஸ்டீல் தகட்டில் நிப்பு வடிவத்தை வெட்டுவது, துளை போடுவது, எழுத்துப் பதிப்பது, வளைப்பது, பிளவு போடுவது, உருட்டிப் பாலிஷ் போடுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கை. கைப்பிரஸ்ஸில் பெண்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழிலைச் சாப்பிட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பேனாவுக்கு வெளிநாட்டில் மதிப்பு உண்டு. திருவள்ளூரில் ரங்கா பேனா எபோனைட் கட்டையைக் கையால் கடைந்து செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. ஆனால் அந்த மாதிரி பேனாக்களில் பலவற்றுக்கு நிப்பு ஜெர்மனியிலிருந்து வருகிறது.

நண்பனின் பெரியப்பா அந்தப் பட்டறைகளில் பல வருஷம் இருந்தவர். சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேனாவை வாங்கினார். எழுதிப் பார்க்கவில்லை. தன் லென்ஸை எடுத்து வெயில் பக்கம் திருப்பி நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்க தாத்தா தரையில உக்காந்து எழுதுவாகளோ?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஆமாம். தாத்தாவுக்கு ஒரு சாய்வு மேஜை உண்டு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேஜையை மடிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, அதில்தான் எழுதுவார். நாற்காலியில் உட்கார்ந்து எழுதி ஆச்சியே பார்த்ததில்லை.

"இங்க பாருங்க தம்பி" என்று லென்ஸை என்னிடம் கொடுத்தார். உருண்டையாக இருக்க வேண்டிய குமிழின் அடியில், கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு சின்ன மட்டம். கண்ணாடி மாதிரி பளபளப்பு. "இதான் அவுக எழுதுன இடம். பேனாவ ரொம்பப் படுக்கப் போட்டுப் புடிச்சிருக்காக. சாய்ஞ்ச மேஜைன்னா கை அப்படித்தான் படுக்கும். நீங்க மேஜையில நிமித்திப் புடிக்கீங்க. அப்ப இந்த மட்டம் தாள்ல உக்காராது, மட்டத்தோட விளிம்புதான் உக்காரும். விளிம்புன்னா உளி மாதிரில்லா. பொறாண்டத்தான செய்யும்?"

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம். பேனாவைக் கடன் கொடுத்தால் நிப்பு கெட்டுப்போகும், ஒரு கைக்குப் பழகியது இன்னொரு கைக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்களே, அதில் பாதிதான் உண்மையாம். ஒருவர் ஒரு கையெழுத்துப் போடுவதால் குமிழ் தேய்ந்துவிடாது. அழுத்தினால் கால் விரியும், அவ்வளவுதான். மட்டம் விழ வேண்டுமென்றால் அதே கை, அதே சாய்வு, வருஷக் கணக்கில் வேண்டும். தாளில் களிமண் மாவும் சுண்ணாம்பு மாவும் சேர்ப்பார்கள். அதுவும் தூசியும்தான் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கடினமான குமிழைத் தேய்க்கின்றன.

தேய்க்கலாமா என்று கேட்டேன். "தேய்க்கலாம். சென்னையில சொன்னது தப்பில்ல. விளிம்ப மட்டும் லேசாத் தட்டிவிட்டாலும் உங்க கைக்கு வந்துரும். ஆனா எடுத்தத திரும்ப வைக்க முடியாது, பாத்துக்கங்க."

மேஜை

சாய்வு மேஜை மச்சில் கிடந்தது. மேலே வத்தல் டப்பாக்கள். இறக்கிவைத்துத் துடைத்தேன். ஆச்சி வீட்டு நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேஜையை மடிக்கு இழுத்து, பேனாவைப் படுக்கப் பிடித்தேன். கொஞ்சம் இடது பக்கம் உருட்ட வேண்டியிருந்தது. பார்க்கர் 51-ல் கழுத்து உருண்டை, எந்தப் பக்கமும் உருட்டலாம். ஒரு இடத்தில் பேனா தானாகவே 'உட்கார்ந்தது'. அதற்கு வேறு சொல் தெரியவில்லை. 'ழ' எழுதினேன். சத்தமே இல்லை. ஒரு பக்கம் எழுதினேன். மை ஒரே சீராக வந்தது. அரைக் கோணல்கூட உருட்டினால் கத்துகிறது, சரியான இடத்துக்கு வந்தால் அடங்கிவிடுகிறது.

அடுக்களையிலிருந்து வந்த ஆச்சி என்னைப் பார்த்துவிட்டு, "இப்பத்தாம்ல ஒழுங்கா உக்காந்திருக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. மாமாவுக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. "ஏல, பேனா எழுதுறதுக்குத்தான் இருக்கு. எங்க அப்பா இருந்தா இந்நேரம் நிப்ப மாத்திப் போட்டுட்டு அடுத்த பத்திரத்த எடுத்திருப்பாக. நீ என்னன்னா அத சாமி மாதிரி வச்சுக் கும்புடச் சொல்லுத."

உண்மைதான். எழுதாமல் வைக்கிற பேனா எப்படிப் போகும் என்பதற்கு 2009-ல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மோன் பிளாங்க் கம்பெனி காந்தி பெயரில் ஒரு பேனா கொண்டுவந்தது. தண்டி யாத்திரையின் 241 மைலைக் குறிக்க மொத்தம் 241 பேனா. தங்க நிப்பில் தடியூன்றி நடக்கும் காந்தியின் உருவத்தையே செதுக்கியிருந்தார்கள். ஒன்றின் விலை பதினோரு லட்சம் ரூபாய்க்கு மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது, 2010-ல் இந்தியாவில் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. காந்தி நாணல் பேனாவை ஆதரித்தவர். 1930-களில் ராஜமுந்திரி ரத்னம் செய்து அனுப்பிய சுதேசிப் பேனாவைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர். அவர் பெயரில் வந்த அந்தப் பதினோரு லட்ச நிப்பு யார் கையிலாவது தேய்ந்து மட்டம் விழுந்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் தாத்தா பேனா அந்த வகையில் சேராது. நான் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை. அது எழுதுகிறது, நன்றாக எழுதுகிறது. எழுத வேண்டுமானால் நான் கொஞ்சம் கீழே உட்கார வேண்டும், அவ்வளவுதான். தாத்தாவின் போட்டோ எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது, இரண்டும் கல்யாண வீட்டில் விறைப்பாக நின்று எடுத்தவை. அவர் எப்படி உட்காருவார், கை எவ்வளவு சாயும், விரல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு வேறு சாட்சியம் கிடையாது. அது அந்தக் குமிழில் அரை மில்லிமீட்டர்கூட வராத ஒரு மட்டத்தில் இருக்கிறது. தேய்த்தால் என் கைக்குச் சுகமாகிவிடும், அவர் கை போய்விடும்.

ஓலையில் எழுதிய காலத்தில் கீறல்தான் எழுத்து. எழுத்தாணி ஓலையைக் கீறும், பிறகு மை பூசித் துடைப்பார்கள், கீறிய இடம் மட்டும் கறுப்பாக நிற்கும். அப்போது ஓலை கீறுப்பட்டது. பேனாவிலோ தாளும் நிப்பைத் திருப்பி எழுதுகிறது, மிக மெதுவாக, முப்பது வருஷம் எடுத்துக்கொண்டு. இதை மாமாவிடம் சொன்னேன். "நல்லாத்தான் பேசுத" என்றார். சென்னைக் கடைக்குப் பேனாவை அனுப்பவில்லை. பரீட்சைக்கு எனக்கு வேறு பேனா இருக்கிறது.

கடைசியாக, நல்ல பேனா வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து சொல்ல மூன்று விஷயம். நிப்பின் மேல் கோடு விழுந்தால் விட்டுவிடுங்கள், பனியனில் மட்டும் துடைக்காதீர்கள், ஈரமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கரகரத்தால் முதலில் கழுவுங்கள், பிறகு லென்ஸில் பாருங்கள், பிளேடு கடைசியிலும் வேண்டாம். பெரியவர்கள் எழுதிய பேனா கைக்கு வந்தால், தேய்க்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அவர்கள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

மாமாவின் பேனாவையும் சும்மா விடவில்லை. உள்ளே எப்போதோ நிரப்பிய மை காய்ந்து கிடந்தது. இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, புது மை போட்டுக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டில் கொடுக்க வேண்டிய விவரங்களை அதில்தான் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். துபாயிலிருந்து இப்போது தினமும் அதில்தான் கணக்கு எழுதுவதாகச் சொல்கிறார். கோடு இன்னும் ரெண்டு கூடியிருக்கிறதாம். அது போகட்டும். அந்தக் குமிழில் அவர் கை தெரிய இன்னும் இருபது முப்பது வருஷம் ஆகும். அவசரமில்லை.